மணியைத் திருடாத மேயர்

பேரறிவுக் களஞ்சியத்தின் பக்கங்களை யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் போனில் படிக்கலாம். அதன் கட்டடத்துக்குள் நுழைவதுதான் கஷ்டம். வாசலில் இருக்கும் காவலர், "யாரைப் பாக்கணும்?" என்று கேட்பார். ஆளைச் சொன்னால், "அவரை உங்களுக்குத் தெரியுமா?" என்பார். தெரியும் என்றால் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான். தெரிந்தவரைத் தெரிந்தவர் பார்ப்பது பாரபட்சத்துக்கு வழிவகுக்கும் என்று அங்கே ஒரு விதி. அந்த விதியை எழுதியவர் யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் விதியை மீறியதாகிவிடும்.

இந்தச் சங்கதியெல்லாம் பல்செட் அக்காவுக்குத் தெரியாது. அவள் பாட்டுக்கு அப்பா விட்டுப்போன வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, பல் போனவர்களுக்குப் பல் கட்டிக்கொண்டிருந்தாள். மெழுகில் அச்செடுப்பாள், ராவுவாள், பாலிஷ் போடுவாள். மற்றவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள், அக்கா பல்லைப் பார்ப்பாள். அலமாரி நிறைய பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள் இருந்தன. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அந்த அறையில் செய்தது.

அக்காவின் அப்பா ஒரு காலத்தில் அந்த ஊர் மேயர். சின்ன ஊர். மேயர் அறைக்குள் நாலு பேர் சேர்ந்தாற்போல் வந்தால் மேயர் எழுந்து நாற்காலியை வெளியே போட வேண்டியிருக்கும். அவர் செய்த காரியம் ஒன்றுதான். ஊர் முழுக்கப் பொதுக் கழிப்பறை கட்டினார். பஸ் ஸ்டாண்டில், சந்தையில், ஆஸ்பத்திரி வாசலில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். எதிலும் பெயர்க்கல் வைக்க விடவில்லை. "கக்கூஸ் சுவத்துல எதுக்குய்யா என் பேரு? போறவன் அவசரத்துல போறான். நின்னு படிச்சிட்டா இருக்கப் போறான்?" என்று சொல்லிவிட்டார்.

களஞ்சியத்தில் அவருக்கு ஒரு பக்கம் இருந்தது. பக்கம் என்று சொல்வது மரியாதைக்கு. நாலு வரி. எந்தப் புண்ணியவான் எழுதினானோ, படம்கூடக் கிடையாது. வேலை முடிந்து கையிலிருக்கும் மாவைக் கழுவிவிட்டு அக்கா எப்போதாவது போனில் அதைத் திறந்து பார்ப்பாள். அப்பா எங்கேயோ சௌக்கியமாக இருக்கிறார் என்று ஒரு நிம்மதி.

ஒரு நாள் திறந்தபோது நாலு வரிக்கு மேலே சிவப்புக் கட்டம் ஒன்று இருந்தது. 'பழைய சிறுநகர மேயர்கள் துப்புரவுத் திட்டத்தின்கீழ் இவர் பரிசீலனையில் உள்ளார். முடிவு தெரியும்வரை இவரை நம்ப வேண்டாம்.'

அக்கா உடனே தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி வீட்டு புரோக்கர். பேச்சில் கெட்டிக்காரன். ஒழுகும் கூரையைக் காட்டி, 'வெளிச்சமான வீடு' என்று விற்றவன். அக்கா மேல் உயிரையே வைத்திருந்தான். அதை அக்காவைத் தவிர எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பான்.

"அப்பாவத் தூக்கப் போறாங்களாம்டா."

"எங்கிருந்து?"

"களஞ்சியத்துலேருந்து."

"அட, அப்பா அதுல இருக்காரா?" என்றான் தம்பி. குரலில் புதிய மரியாதை தெரிந்தது. "நீ அழாதக்கா. நான் கூட வரேன்."

*

விசாரணை மண்டபத்தில் ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு போட்டு அதற்குப் பின்னால் பெஞ்சுகள் இருந்தன. மேலே 'அறிந்தோர்' என்று பலகை. சம்பந்தப்பட்டவரை நேரில் அறிந்தவர்கள் அங்கேதான் உட்கார வேண்டும். பார்க்கலாம், கேட்கலாம், பேசக் கூடாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் மெத்தை நாற்காலிகள். அதற்கு மேலே 'அறியாதோர்'. பேசும் உரிமை அவர்களுக்கு மட்டும். குடிக்கத் தண்ணீரும் அவர்களுக்கு மட்டும்.

தலைவர் வந்து நடுவில் அமர்ந்து வாயைத் திறந்ததும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் அவள் கட்டிக்கொடுத்தது. கொஞ்சம் லூசாகி டக்டக்கென்று சத்தம் வந்தது. நமக்கு வேண்டியவர்தான் என்று அக்கா கையை ஆட்டினாள். தலைவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"அவையோர்களே," என்று தலைவர் ஆரம்பித்தார். "ஒரு மனுஷனைப் பத்தி நேர்மையா முடிவெடுக்கணும்னா அவரைப் பத்தி ஒண்ணும் தெரியாம இருக்கணும். நான் இந்த நாற்காலியில எத்தனையோ வருஷமா உக்காந்திருக்கேன். இத்தனை வருஷத்துல எனக்கு எதுவுமே தெரிஞ்சதில்ல. அதனாலதான் என்னை யாராலயும் மாத்த முடியல."

அறியாதோர் கைதட்டினார்கள். அவர்களில் தாடி வைத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார்.

"இந்த ஆள் கழிப்பறை கட்டினதா எழுதியிருக்கு. ஆதாரம் என்ன?"

பக்கத்தில் இருந்த செயலாளர் அம்மா, "கழிப்பறை இருக்குங்க. பஸ் ஸ்டாண்டுல நானே போயிருக்கேன்," என்றாள்.

"நீங்க போனது ஆதாரம் ஆகாதும்மா. பத்திரிகையில வந்துச்சா?"

"நான் போனதுங்களா?"

"திறப்பு விழா!"

செயலாளர் அம்மா பழைய பத்திரிகைகளைத் தேடி வைத்திருந்தாள். கழிப்பறை திறந்த அன்று நிருபர் நாய்க் கண்காட்சிக்குப் போய்விட்டார். முதல் பக்கத்தில் முதல் பரிசு வாங்கிய நாயின் படம் வந்திருந்தது.

"அந்த நாய்க்கு நம்ம களஞ்சியத்துல பக்கம் இருக்கா?" என்று தலைவர் அக்கறையாகக் கேட்டார்.

"இருக்குங்க. படத்தோட."

"நல்லது. நம்ம வேலையில குறை இல்ல."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியைத் தட்டி, "ஐயா, ஊரே அதைத்தான் உபயோகிக்குது!" என்று கத்தினாள். காவலர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். தாடிக்காரர் அதைக் கேட்காதவராக, முந்தைய மேயர் ஒருவரை எடுத்துக்காட்டாகச் சொன்னார். அந்த மனிதர் குடித்துவிட்டு நகராட்சிக் காரை நீரூற்றுக்குள் கொண்டுபோய் விட்டவர். அவருடைய பக்கத்தில் 'நீரூற்றுக்கு முன்', 'நீரூற்று', 'நீரூற்றுக்குப் பின்' என்று தனித்தனிப் பிரிவுகளே உண்டு. "மேயர்னா அப்படி இருக்கணும். பத்திரிகைக்காரன் எழுதற மாதிரி ஏதாவது செய்யணும். சும்மா வேலை செஞ்சிட்டுப் போனா நாங்க என்ன பண்றது?" என்று தாடிக்காரர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

முடிவு அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போனது. வெளியே நடையில் செயலாளர் அம்மா அக்காவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க அப்பா தப்பா ஏதும் பண்ணலயாம்மா? சின்னதா ஏதாவது?"

"இல்லம்மா. அவரு அப்படிப்பட்டவரு இல்ல."

"அடப் பாவமே," என்றாள் செயலாளர் அம்மா. மனசாரத்தான் சொன்னாள்.

தம்பி அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.  வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றியவன், வீட்டை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தான். "நீ கவலைப்படாதக்கா. நான் பாத்துக்கறேன்," என்றான்.

*

அவன் பார்த்துக்கொண்டது பத்திரிகையில் வந்தது. 'மணிக்கூண்டு மணி எங்கே போனது? முன்னாள் மேயரின் மகன் கண்ணீர்ப் பேட்டி.' தம்பி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் படம். ஊர் நடுவே இருக்கும் மணிக்கூண்டில் பெரிய பித்தளை மணி ஒன்று இருந்ததாம். அப்பா மேயராக இருந்த காலத்தில் அது மாயமாகிவிட்டதாம். வீட்டுக்கு அடியில் எங்கேயோ அதைப் புதைத்துவிட்டார் என்று அம்மா சாகும்போது சொன்னாளாம். இந்தப் பாரத்தை இனியும் தன்னால் சுமக்க முடியாதாம்.

 அந்த மணி எங்கே போனதென்று அக்காவுக்குத் தெரியும். அது விரிசல் விட்ட மணி. அடித்தால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள் எழுந்து உட்காருவார்கள். பட்டப்பகலில் கயிறு கட்டி ஊரே வேடிக்கை பார்க்க இறக்கினார்கள். அப்பா அதைப் பட்டறைக்கு அனுப்பி உருக்கச் சொல்லி, கழிப்பறைகளுக்கெல்லாம் குழாயாக வார்த்து வாங்கினார். சின்னப் பெண்ணாக அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு பட்டறையில் நின்றிருந்தாள். புதுக் குழாய் ஒன்றைத் திருகிப் பார்த்துவிட்டு, "இனிமே இது சத்தம் போடாது. வேலை செய்யும்," என்று அப்பா சிரித்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

தம்பி வந்ததும் பத்திரிகையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என்னடா இது? அம்மா சாகும்போது உன் பேரைக்கூடச் சொல்லலயேடா. மணியையா சொன்னா?"

"அக்கா, கொஞ்சம் பொறு. இது ஒரு பேச்சுக்குச் சொன்னது. இப்ப அப்பாவப் பத்தி பத்திரிகையில வந்தாச்சில்ல? முதல்ல உள்ள போகட்டும். போனதுக்கப்புறம் திருத்திக்கலாம்."

"பொய்டா இது. வாய்கூசாம எப்படிடா சொன்னே?"

"அப்பா சுத்தமா இல்லாமப் போயிடலாமா? அது உனக்குச் சம்மதமா? சொல்லு."

அக்கா அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டி முடித்தபிறகு அந்தப் பத்திரிகையைக் கிழிக்கவில்லை, மடித்து அலமாரியில் தாடைகளுக்கு நடுவே வைத்தாள். அப்பா அங்கே இருக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னதை அவள் நம்பினாள்.

அடுத்த அமர்வில் மண்டபமே வேறு மாதிரி இருந்தது. தாடிக்காரர் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். "மணி இருந்த இடத்துல இப்ப மணி இல்ல. போய்ப் பாத்துட்டேன். காணாமப் போனதுக்கு இதைவிட ஆதாரம் என்ன வேணும்?" என்று அவர் கேட்டபோது குரல் தழுதழுத்தது.

தலைவர் பற்களை ஒரு தடவை சரிசெய்துகொண்டு எழுந்தார். "போன தடவை இந்த மனுஷனை நாம சாதாரணமா நினைச்சிட்டோம். சேவை பண்றவன் ஊருக்கு நூறு பேர் இருப்பான். அவனையெல்லாம் சேர்த்தா களஞ்சியம் என்னத்துக்காகும்? ஆனா இவ்வளவு பெரிய மணியை, ஊர் நடுவுலேருந்து, யாருக்கும் தெரியாமத் தூக்கியிருக்கார். இது வரலாறு. இந்த நிறுவனம் தலைவணங்குது."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தம்பியும் எழுந்து நின்று கைகூப்பினான். அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

*

புதுப் பக்கம் வந்தது. 'மணிக்கு முன்', 'மணி', 'மணிக்குப் பின்' என்று பெரிதாக இருந்தது. வெறும் மணிக்கூண்டின் படம் போட்டிருந்தார்கள். கழிப்பறைகளைப் பற்றி, 'சில சிறு கட்டுமானங்களையும் மேற்கொண்டார்' என்று ஒரு வரி. கடைசியில் குடும்பம். 'இவருக்கு ஒரே வாரிசு, மகன். தந்தையின் களங்கத்தைச் சுமந்தபடி அதே வீட்டைப் பராமரித்து வருகிறார்.'

அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அச்சுப் பிழையாக இருக்கும், அவசரத்தில் விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தம்பியைக் கேட்கலாம் என்று போனை எடுத்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் அளவு நாடாவும் ஊன்றுகோலும் வைத்திருந்தார். பல் கட்ட வந்தவர் என்று நினைத்து அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. ஊன்றுகோலால் தரையை அங்கங்கே தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"என்ன பண்றீங்க?"

"மணி எந்தப் பக்கம் இருக்கும்னு பாக்கறேம்மா. நான்தான் இந்த வீட்டை வாங்கறேன். அட்வான்ஸ் பேசியாச்சு. முன்னறை வாடகைக்காரங்க மாசக் கடைசியில காலி பண்ணிடுவாங்கன்னு மேயர் பையன் சொன்னாரு."

"எந்த வாடகைக்காரங்க?"

அவர் அலமாரியையும் மேஜையையும் அக்காவையும் பார்த்தார். நல்ல மனிதர், சொல்லக் கூச்சப்பட்டார். "நீங்கதாம்மா," என்றார்.

 அக்கா அந்த அறையில்தான் பிறந்தாள்.

தம்பி வெகுநேரம் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது தேன் ஒழுகப் பேசினான். "அக்கா, ஒரே வாரிசுன்னா கையெழுத்து வேலை சுலபம்க்கா. பதிவு ஆபீஸ்ல களஞ்சியத்தைக் காட்டினேன், மறுபேச்சே பேசல. உனக்கு நான் செய்யாம இருப்பேனா? நீ என்ன வேத்து ஆளா?"

"வாடகைக்காரின்னு சொல்லியிருக்கியே!"

"ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கா," என்றான் தம்பி.

அவனை வளர்த்தவள், படிக்க வைத்தவள் என்ற மாதிரிக் கணக்கெல்லாம் அக்காவுக்குக் கிடையாது. ஆனால் அப்பாவை எரித்துவிட்டு வந்த அன்று இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவனா தன்னை இப்படி அழித்தான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

*

திருத்த மனுவுக்காக மண்டபம் மறுபடி கூடியது. வீட்டை வாங்க வந்தவர் அளவு நாடாவோடு கண்ணாடிக்குப் பின்னால் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் அருகில் தம்பி. மனு போட்டவர் என்பதால் அக்காவைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள்.

"என்ன திருத்தணும்?" என்றார் தலைவர்.

"நான் அவரோட மக. என் பேரை விட்டிருக்காங்க. அப்புறம், அவரு மணியைத் திருடல."

"மகள்னு யார் சொல்றா?"

"நான்தான் சொல்றேன்."

"மகள்னா நீங்க உறவு. உறவு பேசக் கூடாது."

"அப்ப நான் மகள்னு ஒத்துக்கறீங்கல்ல? எழுதிக்கங்க."

"எப்படி எழுதறது? அதைச் சொன்னது ஒரு உறவுக்காரங்களாச்சே," என்று தாடிக்காரர் குறுக்கிட்டார். "நீங்க உறவு இல்லன்னா சொல்லலாம். தாராளமா எழுதிக்குவோம்."

"உறவு இல்லன்னா நான் எப்படி மகளாவேன்?"

"அது உங்க பிரச்சினைம்மா."

அக்கா தம்பியைச் சுட்டிக்காட்டினாள். "அவன் சொன்னதை மட்டும் போட்டிருக்கீங்களே? அவன் யாரு?"

"அவர் சொன்னதை நாங்க போடவே இல்ல," என்றார் தலைவர் பெருமையாக. "அவர் சொன்னதைப் பத்திரிகை சொல்லிச்சு. பத்திரிகை சொன்னதை நாங்க போட்டோம். பத்திரிகை யாருக்கும் உறவு கிடையாது."

"ஐயா, என்னை நல்லாப் பாருங்க. உங்களுக்கே என்னைத் தெரியுமே. அந்த வீட்டுக்கு வந்திருக்கீங்களே."

தலைவர் அவளை நேராகப் பார்த்தார். "உங்களை நான் பாத்ததே இல்ல," என்றார், அவள் கட்டிக்கொடுத்த பல்லால்.

 தண்ணீர்க் குவளைகளோடு மெத்தையில் சாய்ந்திருந்த அறியாதோரை அக்கா பார்த்தாள். பின்வரிசையில் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்க வந்தவரின் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வாரிசு, வீடு, பெயர் எல்லாம் போனாலும் போகட்டும், அப்பா திருடன் இல்லை என்று சொல்ல இங்கே ஒரு வழிதான் இருந்தது.

"எனக்கு அவரைத் தெரியாது," என்றாள் அக்கா.

"யாரை?"

"அந்த மேயரை. நான் அவரைப் பாத்ததே இல்ல. எனக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது."

 மண்டபத்தில் உடனே பரபரப்பு வந்துவிட்டது. காவலர் ஓடிவந்து மெத்தை நாற்காலியை இழுத்துப் போட்டார். செயலாளர் அம்மா தண்ணீர் வைத்தாள். தாடிக்காரர் எழுந்து வணக்கம் சொன்னார்.

"சொல்லுங்கம்மா, சொல்லுங்க," என்றார் தலைவர் குழைந்துபோய். "அறியாதவங்க சொல்லுக்கு ஆதாரமே வேண்டாம்."

அக்கா சொன்னாள். மணி விரிசல் விட்டதை, பட்டப்பகலில் இறக்கியதை, பட்டறையில் உருக்கியதை, குழாயாக வார்த்ததை. பஸ் ஸ்டாண்டில் கை கழுவுகிற ஒவ்வொருவரும் அந்த மணியைத்தான் திருகுகிறார்கள் என்றாள். தனக்குத் தெரியாத ஒரு மனிதரைப் பற்றி அத்தனை பிரியமாக யாரும் அந்த மண்டபத்தில் பேசியதில்லை. செயலாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆக, மணி திருட்டுப் போகல," என்றார் தலைவர். "பதிவு பண்ணுங்க. சரி, திருட்டு இல்லன்னா இந்த ஆள் வேற என்னதான் பண்ணினார்?"

"கழிப்பறை கட்டினாருங்க," என்றாள் செயலாளர் அம்மா.

தலைவரும் தாடிக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீக்கம்," என்றார் தலைவர்.

பின்வரிசையில் வாங்க வந்தவர் எழுந்து, அளவு நாடாவைத் தம்பியின் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். மணி இல்லாத வீடு அவருக்கு எதற்கு? தம்பி, "சார், சார், வெளிச்சமான வீடு சார்!" என்று படிவரைக்கும் அவர் பின்னால் ஓடினான்.

அக்கா வெளியே வந்தபோது அவன் படியில் உட்கார்ந்திருந்தான். நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான்.

"அப்பாவைத் தெரியாதுன்னு சொல்லிட்டியேக்கா," என்றான். "அத்தனை பேர் முன்னாடி. எனக்கு நெஞ்சே வெடிச்சுப்போச்சு. ஒரு மக பேசற பேச்சா இது?"

"யாரு மக?"

"நீதான்! அவரோட சொந்த மக!"

அவன் சத்தமாகத்தான் சொன்னான். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். மண்டபக் கதவைச் சாத்திவிட்டார்கள். நிருபர் யாரும் இல்லை.

"இதை அன்னிக்கு அந்தப் பேட்டியில சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

 அக்கா பதிலுக்கு நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, கழிப்பறைக்குள் போய், குழாயைத் திருகி முகத்தைக் கழுவிக்கொண்டாள். பின்னால் கை கழுவக் காத்திருந்த பெண், "அழறீங்களா? வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. தம்பி," என்றாள் அக்கா. குழாயை இறுக்கி மூடிவிட்டு வேலைக்குப் போனாள்.